ஐந்தாவது புகார்

தொலைக்காட்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், நேயர் கருத்து அறையில் நாங்கள் மூன்று பேர். பன்னிரண்டு வருடமாக அங்கே இருப்பவளைச் சீட்டக்கா என்று கூப்பிடுவோம். போனில் நேயர் சொல்வதைச் சொன்னபடியே சீட்டில் எழுத வேண்டும். பாராட்டு ஒரு பெட்டி, புகார் ஒரு பெட்டி. ஒளிபரப்பான மறுநாள் நாலு மணிக்குள் ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்து புகார் சேர்ந்தால் அவை மேல்மாடிக்குப் போகும். மறுஒளிபரப்பு செய்யலாமா என்று யோசிப்பார்கள். குறைந்தால் குப்பைக்கூடைதான்.

அக்காவின் இடது கை சிறு வயதில் கொதிநீர் பட்டு, விரல் வரை வெந்து சுருங்கியது. அதை மேசைக்குக் கீழேதான் வைத்திருப்பாள். போன வருடம் விரல் நுனியையும் தாண்டித் தொங்கும் நீளக் கைச் சட்டை எங்கும் பரவியது. கல்லூரிப் பெண்ணிலிருந்து கண்டக்டர் வரை எல்லோருக்கும் கை தொங்கியது. அக்காவும் இரண்டு தைத்துக்கொண்டாள். அதன்பிறகுதான் அவள் இடது கையால் தேநீர்க் குவளையை எடுத்து நான் பார்த்தேன்.

ஒரு வாரம் எங்கள் நிலையத்தின் கார்ட்டூன் இந்த மோகத்தைக் கிண்டல் செய்தது. சட்டைக் கைகள் நீண்டு நீண்டு தெருவைப் பெருக்கின. ஒரு கையை நாய் கவ்விக்கொண்டு ஓட, ஆளும் பின்னாலேயே ஓடினான். கடைசியில் ஒருத்தியின் சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கிறார்கள்; உள்ளே வாடிச் சுருங்கிய ஒரு கத்தரிக்காய். ஊரே சிரிக்கிறது.

மறுநாள் போன் ஓயவில்லை.

"அந்தக் கத்தரிக்கா வந்ததும் எங்க வீட்டுக்காரர் காபிய மூக்கு வழியா விட்டுட்டார்!"

"எங்க நாத்தனாருக்கு இத நாலு தடவை போட்டுக் காட்டணுங்க. கையா அது? பாயச் சுருட்டி மாட்டின மாதிரி!"

"வெட்டி வச்ச துணிய எல்லாம் நான் என்ன தலையிலயா சுத்திக்கிறது? பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" இவர் தையல்காரர்.

ஒரு தாய் தயங்கித் தயங்கிப் பேசினாள். "என் பொண்ணு ரோட்டுல போறவங்க கையை எல்லாம் தூக்கிப் பாக்குறா. அடிச்சாலும் கேக்கலங்க."

அக்கா ஒரு சொல் விடாமல் எழுதினாள். அன்று காலை பேருந்தில் ஒரு குழந்தை அவள் சட்டைக் கையையும் தூக்கியிருந்தது. தூக்கிவிட்டு வீரிட்டு அழுததாம்.

மூன்றரை மணிக்குப் பாராட்டு அறுபதைத் தாண்டியிருந்தது. புகார் நாலு. இன்னொன்று வராவிட்டால் ஞாயிறு காலை, பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில் மறுஒளிபரப்பு.

எங்களில் இளையவளான ரெட்டைப்பின்னல் கிசுகிசுத்தாள். "அக்கா, ஏதாவது ஒரு பேரைப் போட்டு எழுதிவிடு. யாரு போய்ப் பாக்கப்போறா?"

"கூப்பிடாத ஆளையா? அப்புறம் இந்தத் தையல்காரர் சொன்னத மட்டும் யாருடி நம்புவா?"

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு சீட்டை எடுத்துத் தன் பெயரையே எழுதினாள். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினாள்: 'என் கை வெந்தது. நீளக் கை வந்தபிறகுதான் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். இனி முடியாது.'

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். சீட்டுகளை மளமளவென்று எண்ணியவர் ஐந்தாவதில் நின்றுவிட்டார். இரண்டு முறை படித்தார். அவள் கை இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

"ஊழியர் சீட்டு கணக்குல வராதும்மா. உனக்குத் தெரியாததா?"

"தெரியும் சார்."

"பின்ன எதுக்கு எழுதின?"

"நாலு பேர்தான் சொன்னாங்கன்னு இருக்கக் கூடாது சார்."

விதிப்படி அவர் நாலையும் கூடையில் போட்டார். ஐந்தாவதை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிறன்று கார்ட்டூன் மறுபடி ஓடியது. திங்கட்கிழமை முதல் அழைப்பை அக்காதான் எடுத்தாள். குழந்தைக் குரல். கத்தரிக்காய் திரும்ப எப்போ வரும் என்று கேட்டது.

"பாத்துச் சொல்றோம் கண்ணு," என்றாள் அக்கா. கேட்டதைக் கேட்டபடியே எழுதி, பாராட்டுப் பெட்டியில் போட்டாள்.