கடல்பாசியை முதலில் சொன்னது யார்

எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொல்லிவிட்டேன். என் அக்கா வீட்டுக்காரர் சபாபதி பாவா போனால், என் சாவுக்கு வரப்போவதைவிடப் பெரிய கூட்டம் வரும் என்று. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அக்கா போன் செய்து, "உங்க பாவா தூக்கத்துலயே போய்ட்டாருடா" என்றாள். நான் போய்ச் சேருவதற்குள் தெரு அடைத்துக்கொண்டது. மலைக்கோயில் படி முழுக்க நிறுத்தினாலும் ஆள் மிஞ்சும். பந்தல்காரர் குறைத்துச் சொல்வார், நம்பாதீர்கள்.

வந்தவர்கள் எல்லாரும் கடல்பாசியைப் பற்றியே பேசினார்கள். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். அரக்கோணம் பக்கத்தில் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராமேஸ்வரத்து நண்பரிடமிருந்து காய்ந்த கடல்பாசி வரவழைத்து, இளநீரில் காய்ச்சி வில்லை போட்டு, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருபவர்களுக்கு அடிவாரத்தில் கொடுப்பார். "சூடு தணியும், மலம் இளகும். அயோடின் இருக்குது, தைராய்டு மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேட்டுகினு துன்னுங்க. நான் டாக்டர் இல்ல, கேட்டு மூடினவன்" என்பார். அப்படிச் சொன்னதாலேயே ஜனம் அவரை நம்பியது. நான் நாற்பது வியாதிக்கு மருந்து சொல்லியிருக்கிறேன், ஒருவரும் இரண்டாம் தடவை வந்ததில்லை.

ஒருமுறை அம்மையார்குப்பத்து நெசவாளர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உக்காந்தே தறி ஓட்டி வயிறு கல்லாயிட்ச்சிங்க. உங்களாலதான் எறங்குச்சி" என்றார். பக்கத்தில் நின்ற என் வயிற்றெரிச்சலுக்கு மட்டும் அந்தக் கடல்பாசி கேட்கவில்லை. பாவா என்னைக் காட்டி, "நம்ம மச்சான் சொன்னதுதாங்க இது" என்றார்.

"ஆங், நான்தான்" என்றேன். சாவு வீட்டிலும் அதையே எல்லாரிடமும் சொன்னேன். காதில் வாங்கிய அக்கா, பதினாறாம் நாள் முடிந்ததும் அவர் வில்லை போடும் தட்டை என் கையில் கொடுத்து, "நீ அன்னிக்கி இன்னா சொன்னன்னு அவருக்குத் தெரியும்டா. கடைசி வரைக்கும் உன்ன உட்டுக் குடுக்கல" என்றாள்.

தட்டு என்னிடம் இருக்கிறது. வருகிற கிருத்திகைக்கு நான்தான் கொடுப்பேன். அவருக்கு வந்ததைவிடக் கூட்டம் வரும். ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்று கேட்டில் ரயில் தடதடத்துப் போகும்போது, வயிற்றுக்கு நல்லது என்று நான் சொன்னது கறிக்குழம்பில் வாசனைக்குப் போடும் கல்பாசி. கடல்பாசி என்று கேட்டுக்கொண்டது அவர் காது.