செம்புப் போத்தலில் எலுமிச்சைத் தண்ணீர்

எஸ்டேட் தமிழனுக்கு ஈரல் கெட்டால் அவன் குடிகாரன். எங்கள் கிளினிக்கில் அதற்கு மேல் யோசிக்கமாட்டார்கள். கண் மஞ்சளாகி, கால் வீங்கி உட்கார்ந்திருந்த என் தம்பியிடம் அங்கே நோயாளிகளைப் பார்க்கும் உதவியாளர் கேட்ட முதல் கேள்வியே, "தினமும் எவ்ளோ ஊத்துவ?" என்பதுதான்.

தம்பி தேயிலை லோரி ஓட்டுபவன். கல்யாண வீட்டில்கூட பீரைத் தொடமாட்டான். "நான் குடிக்கிறதில்ல சார்" என்றான்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க லா" என்று சிரித்துக்கொண்டே அவர் சீட்டில் எதையோ எழுதினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும், தம்பி குளிக்கப் போன நேரம் பார்த்து, வாசலில் நின்ற லோரியில் ஏறித் தேடினேன். சீட்டுக்கு அடியில் அவனுடைய செம்புப் போத்தல் மட்டும்தான் கிடந்தது. திறந்து முகர்ந்தேன். எலுமிச்சை வாடை. நிம்மதியாகக் கழுவி, மறுபடியும் நிரப்பி வைத்தேன்.

அந்தப் போத்தலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். செம்புத் தண்ணீர் ஈரலைச் சுத்தமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் எவனோ எழுதியதை நம்பி, ரிங்லெட் டவுன் கடையில் வாங்கினேன். கொழுந்து பறிக்கப் போகும் நாங்கள் எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீரைத்தான் மலைக்குக் கொண்டுபோவோம். எனக்கு பிளாஸ்டிக் போத்தல் போதும். அவனுக்கு மட்டும் முதல்நாள் சாயங்காலமே செம்பில் பிழிந்து மூடிவைப்பேன். "ஒரு மாதிரி கசக்குதுக்கா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னான்.

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும். பேசாம குடி" என்றேன்.

மலைக்குக் கீழே, பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு டாக்டரம்மாதான் அவன் பேச்சை நம்பினார். ரத்தம், மூத்திரம் எல்லாம் சோதித்தார். சாப்பாட்டில் வரும் செம்பை வெளியே தள்ளத் தெரியாத உடம்பாம் அவனுக்கு, பிறவியிலேயே. அது ஈரலில் சேர்ந்து சேர்ந்து அரித்திருக்கிறது. போத்தலைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. புளிப்பு பட்டால் செம்பு தண்ணீரில் கரையுமாம். "மாத்திரையில நிக்குதான்னு பாப்போம். இல்லன்னா ஈரலையே மாத்த வேண்டியிருக்கும்" என்றார்.

வாட்ஸ்அப்பில் எழுதியவனுக்கு ஒரு கேடும் வரவில்லை. கிளினிக்காரர் அதே நாற்காலியில் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வார்டில் படுத்திருந்த தம்பி ஒருநாள் மெதுவாகக் கேட்டான்: "அன்னிக்கு லோரியில என்னாக்கா தேடுன?"