கண்ணாடிக்கு வெளியே மூன்று சீனர்

எனக்குச் சீனக் கம்பனிகளை அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. இதை முதலே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை அவர்களுடைய ஆள் என்று நினைப்பீர்கள். சிட்னியில் ஒருவர் அப்படி நினைத்துத்தான் என் வேலை போனது.

2012ஆம் ஆண்டு. நாடு முழுக்கப் போடப்போகிற புதிய இணைய வலைக்குச் சீனச் சாமான் வேண்டாம் என்று அரசாங்கம் சொன்ன வருடம். அதே வருடம் நான் மேற்கு சிட்னியில் கைபேசிக் கோபுரங்களின் பழைய ஐரோப்பியக் கருவிப் பெட்டிகளைக் கழற்றிவிட்டுச் சீனப் பெட்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அரசாங்கம் பயந்தது, கைபேசிக் கம்பனி விலையைப் பார்த்தது. அதற்கு முன் பல வருடங்கள் நான் அந்த ஐரோப்பியக் கம்பனியில்தான் வேலை செய்தேன். சீனன் பாதி விலைக்குக் கொடுக்க, இவர்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். போனவர்களில் நானும் ஒருவன். பிறகு ஒரு ஒப்பந்தக் கம்பனியில் தற்காலிக ஆளாகச் சேர்ந்து, நான் பூட்டிய பெட்டிகளை நானே கழற்றினேன். எனக்கு அவர்கள் மேல் அன்பு எங்கேயிருந்து வரும்?

சீனாவிலிருந்து மூன்று இளம் பொறியியலாளர்கள் எங்களுடன் வேலைக்கு வந்தார்கள். வந்த அன்றே என் மேலாளர், வெள்ளைக்காரர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவங்கள் மேல ஒரு கண் வைச்சிரு. ஏதாவது பிழையாகத் தெரிஞ்சா என்னட்டச் சொல்லு. உன்னை நிரந்தரமாக்கிறது என் பொறுப்பு."

வீட்டில் சொன்னேன். மனைவி அப்போது வென்ட்வேர்த்வில்லுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தாள். என் வேலை நிரந்தரமானால் அவள் அதை விடலாம். எங்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"அப்ப வடிவாப் பாருங்கோ," என்றாள். "வீட்டில ஒரு சாமான் எங்க இருக்கெண்டு கேட்டாத் தெரியாது. சீனாக்காரனையாவது ஒழுங்காப் பாருங்கோ."

பார்த்தேன். மேலாளர் சொல்லாவிட்டாலும் பார்த்திருப்பேன். மூன்று பேரும் எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு கம்பி முனையும், ஒவ்வொரு திருகாணியும் ஒரு படம். தலைமை அலுவலகம் படத்தைப் பார்த்துச் சரி சொன்னால்தான் வேலை முடிந்த மாதிரியாம். அவர்களில் ஒல்லியானவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காணாமல் போவான். ஒருநாள் பின்னால் போய்ப் பார்த்தேன். பெட்டிகளுக்குப் பின்னால் மெல்லிய பாய் ஒன்றை விரித்து, காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு நித்திரையாகக் கிடந்தான். பெட்டிகளைக் குளிர்விக்கும் விசிறிகளின் இரைச்சலுக்குள் எப்படித்தான் நித்திரை வந்ததோ.

எழும்பியவன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "எங்கட ஒபிசில எல்லாரும் இப்படித்தான். மேசைக்குக் கீழ பாய் இருக்கும். நீங்கள் படுக்கிறேல்லையா?"

"படுத்தால் என்னை வீட்டுக்கு அனுப்புவாங்கள்."

"பாவம் நீங்கள்," என்றான்.

கோபம் வந்தது. ஆனாலும் அவன் கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்ததைப் பார்த்தேன். அந்த நித்திரை நடிப்பில்லை.

அடுத்த கிழமை நான் பார்த்தது வேறு. பிளாக்டவுன் பக்கம் ஒரு கட்டடத்தில், எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வேறொரு கம்பனியின் பெட்டி இருந்தது. அதன் கதவு திறந்திருந்தது. ஒல்லியானவன் அதற்கு முன்னால் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன எடுக்கிறாய்?"

"சுவரை."

சுவரில் ஒன்றுமே இல்லை.

மேலாளரிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். சொல்வதற்கு முன், தங்கள் பெட்டியை யாரோ படம் எடுத்ததாகப் பக்கத்துக் கம்பனியே முறையிட்டுவிட்டது. அவர்களுடைய கமராவில், ஹெல்மெட் போட்ட ஒருவனின் முதுகு மட்டும் தெரிந்ததாம். என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மேலாளரும், கைபேசிக் கம்பனியின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும். கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு வெளியே, முற்றத்தில், சீனர் மூவரும் எங்கள் வான் வண்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள்.

"எங்களுக்கு மூன்றும் ஒரே முகம்," என்றார் அதிகாரி. "நான் ஒவ்வொருத்தனாகக் காட்டுறன். நீ வாய் திறக்கத் தேவையில்லை. தலையை ஆட்டினால் போதும்."

யாழ்ப்பாணத்தில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்களை வரிசையில் நடக்கவிடுவார்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் இருப்பான். அவன் தலையசைத்தால் அந்த ஆளை இழுத்துக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்போம். அந்த வரிசையில் நான் நடந்திருக்கிறேன். எனக்கு முன்னால் போனவனுக்கு அந்தச் சாக்கு அசைந்தது. அவன் திரும்பி வரவில்லை.

இது சிட்னி, சீனனை ஒருவரும் சுடப்போவதில்லை. தெரியும். அவன் களவாகப் படம் எடுத்திருக்கலாம் என்றும் தெரியும். ஆனால் என் கழுத்து அசையவில்லை.

"அவங்களை உள்ளே கூப்பிடுங்கோ," என்றேன். "நான் கண்டதை அவங்கட முகத்துக்கு நேரே சொல்லுறன்."

"அது தேவையில்லை. எவன் எண்டு மட்டும் காட்டு."

"மாட்டன்."

மேலாளர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீ யார் பக்கம்?" என்று கேட்டார்.

மூன்று சீனர்களையும் அன்றே அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் ஒப்பந்தம் முடிந்தபோது அதை நீட்டவில்லை.

"ஒருக்காத் தலையை ஆட்டியிருக்கலாமேயப்பா," என்றாள் மனைவி. சொன்னவுடனே வாயை மூடிக்கொண்டாள். அவளும் யாழ்ப்பாணம்தான். சீருடையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சில கிழமைகள் கழித்து ஒல்லியானவன் தொலைபேசியில் அழைத்தான். நகரத்தில் அவர்களுடைய அலுவலகத்தில் எனக்கு வேலை இருக்கிறதாம். நிரந்தர வேலை.

"அந்த அறையில நீங்கள் தலையாட்டேல்லை. எங்கட மேலாளருக்கு அது நல்லாப் பிடிச்சது."

"அவருக்கு ஆர் சொன்னது?"

சிரித்தான். "நல்ல விசயம்தானே. ஏன் கேக்கிறீங்கள்?"

அந்த அறையில் இருந்தது மூன்று பேர். கதவு சாத்தியிருந்தது. நான் மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளைக் கேட்டேன்.

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்? ஊருக்குச் சொல்லிப் பெருமைப்படுற விசயமே? கண்ணாடிக்குள்ளால பாத்திருப்பாங்கள்."

"என்னைப் பாத்திருக்கலாம். உள்ள கேட்ட கேள்வி வெளியில எப்படிக் கேட்டது?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது. அறையில் இருந்த மற்ற இரண்டு பேரில் ஒருவன் சீனக் கம்பனியோடு கதைத்திருக்கிறான். என்னிடம் யார் பக்கம் என்று கேட்டவனாகவே இருக்கலாம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சீனன் இரண்டு முறை திரும்ப அழைத்தான். வேண்டாம் என்றேன். கதவு சாத்திய அறையில் நடந்ததை அறிந்து வைத்திருப்பவனிடம் சம்பளம் வாங்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது, அதுவும் தற்காலிகம். மனைவி அடுத்த வருடமும் இரவு வேலைக்குப் போனாள். காலையில் அவள் திரும்பி வரும்போது தேத்தண்ணி போட்டு வைப்பேன். சீருடையோடேயே கதிரையில் உட்கார்ந்து குடிப்பாள்.