வேடிக்கை பார்க்க ஆளில்லாத சாலைகள்

சைக்கிள் கற்றுக்கொடுக்கிற தொழிலில் சைக்கிள் ஒரு தொந்தரவே இல்லை, தெருதான் தொந்தரவு. குழந்தை விழுந்தால் தெரு ஓடிவந்து தூக்கிவிடும். நாற்பது வயதுக்காரர் விழுந்தால் தெரு கூடி நின்று பார்க்கும். வயசான பிறகு எதையாவது புதிதாகப் பழகப் போய், நாலு பேர் கண்ணில் பட்டுத் தொலைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

அறுபதுகளின் கடைசி. மந்தைவெளியில் ஒரு சைக்கிள் கடையில் எனக்கு ரிப்பேர் வேலை. கடை திறக்கும் முன்னால், விடியற்காலையில், பெரியவர்களுக்குச் சைக்கிள் பழக்கிவிடுவேன். எனக்கு அப்போது முப்பது வயது. வந்தவர்கள் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். பாடம் சின்னது: நேரே பாருங்க, மிதிங்க, பேசாதீங்க.

தெற்கு மாட வீதி

முதலில் எனக்கும் புத்தி இல்லை. பக்கத்தில் இருக்கிறதே என்று மாட வீதியிலேயே ஆரம்பித்தேன். வந்தவர் ஒரு ஹெட் கிளார்க். ஆபீசில் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்களாம். இங்கே அவரைக் கண்டதும் எல்லாரும் உட்கார்ந்துகொண்டார்கள், வசதியாகப் பார்க்க. பால்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். காப்பிப் பொடிக் கடை வாசலில் இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பார்க்கக் கூடாது என்றார், இன்னொருவர் அதைத்தான் பார்க்கணும் என்றார். ஹெட் கிளார்க் இரண்டு பேருக்கும் மரியாதை கொடுத்து, தேர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினார்.

பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்திதான் அன்பாகப் பேசினாள். அதைக் கேட்டதும் மனுஷர் சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். திரும்பி வரவேயில்லை. அவள் சொன்னது: "ஏறு நைனா, பயப்படாத. நீ வுயுந்தா பாக்கறதுக்கு நாங்க அம்மாம் பேரும் இங்கதான் கீறோம்."

மான் வேலி

அன்றைக்கே ரோடு தேடக் கிளம்பினேன். ஆள் இருக்கக் கூடாது, லாரி இருக்கக் கூடாது, நிழல் இருக்க வேண்டும். அடையாறு பாலத்தைத் தாண்டி மான் காட்டு வேலியை ஒட்டிப் போனேன். ஒரு பக்கம் முழுக்கக் காடு. ஆலமரங்கள் ரோட்டுக்கு மேலே கூரை போட்டிருந்தன. எப்போதாவது ஒரு பஸ் வரும். கிண்டிப் பக்கம் வளைந்து வேளச்சேரி ரோட்டில் திரும்பினால் அந்த பஸ்ஸும் கிடையாது. இத்தனை நாள் இதை விட்டுவிட்டு மாட வீதியில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

அங்கே நான் முதலில் கூட்டிப்போனது தி.நகர் டைப்பிஸ்ட் அம்மாள் ஒருவரை. வீட்டுப் பக்கம் பழகிப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிக் கை தட்டியதில் சைக்கிளையே வெறுத்துப்போனவர். வேலிக்கு உள்ளே புள்ளிமான் கூட்டம். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தன. பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. அவரும் அவற்றையே பார்த்துக்கொண்டு மிதித்தார். நான் பிடியை விட்டுவிட்டு நின்றேன், அவருக்குத் தெரியாது. தூரத்தில் போய்த் தானாகவே இறங்கினார். நான் போய்ச் சேர்வதற்குள் புடவையைச் சரிசெய்துகொண்டு முடித்திருந்தார். "மாஸ்டர், நான் ஓட்டறதப் பாத்துட்டு, அவங்கவங்க சாப்பாட்டைப் பாக்கப் போனது இவங்க மட்டுந்தான்."

எனக்குன்னு ஒரு ஸ்வாமி

இனி சொல்வதெல்லாம் ஒருவரைப் பற்றித்தான். நடேச குருக்கள், மயிலாப்பூர்க்காரர். ஐம்பது வயது. ஒல்லி உடம்பு, குடுமி, பஞ்சகச்சம். கோயில் கோயிலாகப் போய் மற்றக் குருக்களுக்கு உதவியாள் வேலை. அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார், விளக்குத் துடைப்பார், தட்டை நீட்டுவார். கற்பூரம் காட்டும் கை வேறு யாருடையதாகவோ இருக்கும்.

மேடவாக்கத்துக்கு அப்பால், நன்மங்கலம் காட்டைத் தாண்டி, ஏரிக்கரையில் ஒரு சின்னச் சிவன் கோயில். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். குருக்கள் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. ஊர் தர்மகர்த்தா இவரைக் கூப்பிட்டிருந்தார். ஒரே நிபந்தனை: கார்த்திகை முதல் தேதியிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்குள் நடை திறக்க வேண்டும். தவறினால் தாம்பரத்தில் இன்னொருவர் தயாராக இருந்தார், வேலை அவருக்கு. அந்தப் பக்கம் முதல் பஸ் எட்டிப் பார்ப்பதே பத்து மணிக்கு. தங்கலாம் என்றால் இடமில்லை. இருந்த ஒரே அறையும் போன மழையில் உட்கார்ந்துவிட்டது. ஆகையால் சைக்கிள்.

"பத்துப் பன்னிரண்டு மைல். இந்த வயசுல வேணுமா சாமி?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடுத்தவா கையிலதான் தட்டைக் குடுத்துண்டிருக்கேன், மாஸ்டர். இது எனக்குன்னு ஒரு ஸ்வாமி."

பட்டு

முதல் நாளே தகராறு. சைக்கிளில் ஏறுவார், மிதிப்பார், உட்கார மாட்டார். சீட் தோல். தோல்மேல் உட்கார்ந்து ஸ்வாமியிடம் போவதாவது என்று பெடலிலேயே நின்றார். நின்றபடி பாலன்ஸ் பழகிய ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனால் பாதி மான் காட்டுக்குள் மூச்சு இரைத்துவிட்டது. ரெக்சின் சீட் மாட்டித் தருகிறேன் என்றேன். அதை ஒட்டுகிற பசை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பேசிப் பிரயோஜனமில்லை என்று சைக்கிளோடு அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

விஷயத்தை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமி, பழைய பட்டு அங்கவஸ்திரம் ஒன்றை நாலாக மடித்து எடுத்துவந்தாள். பட்டுக்குத் தீட்டு இல்லை. சீட்டின்மேல் போட்டுக் கட்டினாள். அவர் அப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். மாமி முடிச்சை இறுக்கியபடி, அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஏன்னா, ஸ்வாமி முன்னாடி நாள் பூரா மிருதங்கம் வாசிக்கறாளே, அது என்ன வாழைப்பட்டையிலயா பண்ணியிருக்கு? பேசாம உக்காந்துண்டு போங்கோ."

வேளச்சேரி ஏரிக்கரை

என் பாடத்தில் 'பேசாதீங்க' அவரிடம் பலிக்கவில்லை. பேசாமல் இருந்தால் முன் சக்கரத்தைப் பார்ப்பார். பார்த்தால் பயம் வரும். பயம் வந்தால் சாய்ந்துவிடுவார். ஒரு நாள் பயத்தில் தானாகவே மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். கயிறு பிடித்தது போல நேராகப் போனார். மூச்சும் மிதியும் ஒன்றாகிவிட்டன. நான் வாயை மூடிக்கொண்டேன். அதன்பிறகு எங்களுக்கு மைல்கல் வேண்டியிருக்கவில்லை. பாராயணம் ஒரு தடவை முடிந்தால் மான் காடு முடியும். இரண்டாவது முடிந்தால் வேளச்சேரி ஏரி.

அந்த ஏரிக்கரை ரோடு அருமையான ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல், நடுவில் புளியமர நிழல். வண்டி என்றால் கட்டை வண்டிதான். ஒரே ஒரு கஷ்டம். இரண்டாவது பாராயணத்தை முடித்து மூன்றாவதைத் தொடங்குமுன் குருக்கள் நிதானமாக ஒரு மூச்சு விடுவார். அப்போது கை ஆடும். எருமைகள் ஏரியில் இறங்குகிற இடமும் அதுதான். அடுத்தடுத்து இரண்டு நாள் எருமைமேல் போய்ச் சாய்ந்தார். எருமை நகரவில்லை. நல்ல பிராணி. மறுநாள் மாட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். "யோவ் மாஸ்டரு, ஐயரு மந்திரத்த நடுவுல வுடாம பாத்துக்க. ஒரு மூச்சு வுட்டாருன்னா நேரா என் மாட்டு மேல வந்து குந்திக்கிறாரு."

தகர வில்லை

அப்போதெல்லாம் சைக்கிளுக்கு வரி உண்டு. கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்பார்கள். சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். பட்டணத்து வில்லை பஞ்சாயத்தில் செல்லாது என்று மேடவாக்கத்தில் ஒரு வரி வசூல் ஆள் மடக்கினார். குருக்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். குருக்களுக்கு நிறுத்தத் தெரியாது. ஓட்டப் பழக்கியிருந்தேனே தவிர, இறங்கப் பழக்கியிருக்கவில்லை. அதுவரை நான்தான் பிடித்து இறக்குவேன். நான் இன்னொரு சைக்கிளில் பின்னால் வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தேன்.

சட்டத்துக்குப் பயந்த மனுஷர். தப்பிப் போகவும் மனசில்லை. அங்கிருந்த ஒரு டீக்கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வசூல்காரரும் கூடவே ஓடிக்கொண்டு கேள்வி கேட்டார். இவர் மந்திரத்துக்கு நடுநடுவே பெயர், ஊர், எந்தக் கோயில் என்று பதில் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது வசூல்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துத்தான் சொன்னார்: "நிக்கத் தெரியாத சைக்கிளுக்கு நான் எங்கய்யா வில்லைய மாட்டறது? போங்க சாமி, போங்க. நிக்கக் கத்துக்கிட்டு வாங்க, அப்புறம் வரிய பாக்கலாம்."

காட்டு ரோடு

இறங்கப் பழகியதும் முழுத் தூரமும் போக ஆரம்பித்தோம். பள்ளிக்கரணையில் ரோட்டின் இரண்டு பக்கமும் கோரைப்புல், தண்ணீர், நாரை. மேடவாக்கத்தோடு மனிதர்கள் முடிந்தார்கள். அப்புறம் நன்மங்கலம் காடு. பெரிய மரம் அதிகமில்லை. புதர், பாறை, சின்னச் சின்னக் குன்று, குன்றுகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர். கௌதாரி குஞ்சுகளோடு ரோட்டைக் கடக்கும். நாம்தான் நிற்க வேண்டும். ரோடு ஏறும், இறங்கும். இறக்கத்தில் மிதிக்க வேண்டாம். அதிகம் புகழ்ந்து பேச எனக்கு வராது. பட்டணத்தைச் சுற்றி அதைவிட நல்ல சைக்கிள் ரோடு நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான்.

அங்கே ஒரு இறக்கத்தில் குருக்கள் பாராயணத்தை நிறுத்திவிட்டார். நான் பதறிப்போய் நெருங்கினேன். அவர் விழவில்லை. சும்மா உட்கார்ந்தபடி போனார். குடுமி அவிழ்ந்து பறந்தது, கட்டவில்லை. கீழே போய்க் காலை ஊன்றி நின்றார். என்னிடம்தான் பேசினார், ஆனால் கண் காட்டின்மேல் இருந்தது: "இவ்வளவு நாழியா ஒருத்தரும் 'குருக்களே, கொஞ்சம் நகருங்கோ'ன்னு சொல்லல்லே, கவனிச்சேளா?"

கலங்கல்

ஐப்பசி கடைசியில் விடாத மழை. கார்த்திகை முதல் தேதி இருட்டோடு கிளம்பினார். தனியாகப் போகட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன். ஏரிக்கரை தாண்டினோம், காடு தாண்டினோம், ஊர் தெரிந்தது. ரோடு தெரியவில்லை. ஊர் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழியாக ரோட்டின்மேல் வழிந்துகொண்டிருந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர். எதிர்க்கரையில் தர்மகர்த்தா குடையோடும் சாவியோடும் நின்றிருந்தார். நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். "வேணாங்க சாமி, தண்ணி இடுப்பளவு ஓடுது. திரும்பிப் போயிடுங்க. தாம்பரம் ரோடு நல்லாத்தான் இருக்குது, இன்னிக்கு அவர வரச்சொல்லிக்கறேன்" என்று குரல் கொடுத்தார். இன்றைக்கு அவர் வந்தால் நாளைக்கும் அவர்தான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

குருக்கள் கச்சத்தை இழுத்துச் செருகினார். சைக்கிளைத் தோளில் தூக்கினார். "அதை என்கிட்ட விட்டுட்டு நடந்து போங்க சாமி" என்றேன். "சைக்கிள்ல வரேன்னு சொல்லியிருக்கேன், மாஸ்டர்" என்றவர் தண்ணீரில் காலை வைத்துவிட்டார். நானும் என் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கி, அவர் சைக்கிளின் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். பழக்கதோஷம். இழுப்பு பலமாகத்தான் இருந்தது. நட்டநடுவில், திரும்பிப் பார்க்காமலே, "விடுங்கோ" என்றார். விட்டேன். நான் நின்ற இடத்தில் நின்றேன். அவர் ஒவ்வொரு காலாக ஊன்றிக் கரையேறினார். கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம், நடந்தே போயிருக்கலாம். சைக்கிளைக் கீழே வைத்தார், ஏறினார், மிதித்தார். பாராயணம் இந்தக் கரைவரை கேட்டது. சாவி தர்மகர்த்தா கையில் இருந்ததால், விரித்த குடையோடு அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

நான் திரும்பிக் கரைக்கு வந்து வேட்டியைப் பிழிந்தேன். தண்ணீர் இரைச்சலுக்கு மேலே மணிச் சத்தம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு ஆகவில்லை. பக்கத்தில் புல்லுக்கட்டோடு நின்ற அம்மாள் கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஏதோ கேட்ட மாதிரி என் பக்கம் திரும்பினாள். "சாமிக்கு ஆளு வந்துட்டாரு. இனிமே பஸ்ஸு வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா."

நான் காட்டியது ரோடு மட்டும்தான். மிதித்தது, விழுந்தது, எழுந்தது எல்லாம் அவர்கள், சம்பளம் மட்டும் எனக்கு.