கல்லுக்கு அடியில் கரி

1992 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. திருப்பதியில் மாவடி வாய்க்காலின் மேற்குக் கரையில் பதினான்காம் எல்லைக்கல்லை அன்று காலை பத்தே காலுக்கு நட்டோம். நில அளவைத் துறையில் அளவுப் புத்தகம் எழுதுவது என் வேலை. கல்லையும் கரிக்கூடையையும் சுமந்து வந்தவர் செங்கம்மா. நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கணவர் கங்கையாவோடு கூலி வேலைக்கு வந்தவர். பிறகு அதே வாய்க்காலின் கிழக்குக் கரையில் தகரக் கூரை போட்டுக் குடியேறினார்.

குழியில் முதலில் இரண்டு கை கரியைக் கொட்டி, அதன்மேல்தான் கல்லை நிறுத்துவோம். கல்லை யாராவது பிடுங்கி நகர்த்தினாலும் கரி மக்காமல் அதே இடத்தில் கிடக்கும். இது அளவு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில் வாய்க்காலின் அகலம் முப்பத்து மூன்று அடி.

1997-ல் பாகாலாவிலிருந்து வந்த சம்பத் மேற்குக் கரையில் மனை வாங்கினார். திருமலை அடிவாரத்தில் அலிபிரி பக்கம் மாதத்துக்கு ஒரு லாட்ஜ் எழுந்துகொண்டிருந்த காலம். தன் லாட்ஜுக்கு இடம் போதவில்லை என்று பதினான்காம் கல்லைப் பிடுங்கி, பத்தொன்பது அடி தள்ளி வாய்க்காலுக்குள் நட்டு, அதை ஒட்டி மதில் எழுப்பினார். செங்கம்மா பார்த்துவிட்டு நேரில் போய்க் கேட்டார்.

"கல்லு எங்க கீதோ அதான் எல்லை. மண்ணு தூக்கறவளுக்கு சர்வே இன்னா தெரியும்?" என்றார் சம்பத்.

நில அளவை அலுவலகத்தில் முறையிட்டும் பயனில்லை. வந்தவர்கள் நின்ற கல்லிலிருந்தே அளந்து, எல்லாம் சரி என்று எழுதிப் போனார்கள். நான் அப்போது சித்தூருக்கு மாற்றலாகியிருந்தேன். என் அளவுப் புத்தகம் காணாமல் போயிருந்தது.

2001 அக்டோபர் 16. மலையில் பெய்த மழை பிற்பகல் மூன்றே முக்காலுக்கு வாய்க்காலில் இறங்கியது. சம்பத்தின் மதில் வழிவிடவில்லை. தண்ணீர் கிழக்குக் கரை வீடுகளுக்குள் ஏறியது. லாரியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த கங்கையாவால் எழ முடியவில்லை. செங்கம்மா கட்டட வேலையிலிருந்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துக்கம் கேட்கப் போனபோது சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டை அளந்தேன். நான்கு அடி இரண்டு அங்குலம்.

சம்பத் ஓர் அரிசி மூட்டையோடு வந்தார்.

"அரிசி வோணாம். கல்லை இருந்த எடத்துல வெச்சிட்டுப் போ" என்றார் செங்கம்மா.

கரியைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஒரே நாளில் தோண்டி எறிந்துவிடுவான், நாலு பேர் பார்க்க அரசாங்கமே தோண்டும் நாள் வரவேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

அந்த நாள் வரும்வரை கரியைக் காக்க வேண்டுமே. 2002-ல் சம்பத்தின் லாட்ஜிலேயே வாசல் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கடைசியில் என் காலடிக்கே வந்துவிட்டாள் பார் என்று சம்பத் பலரிடமும் சொல்லிச் சிரித்தாராம். செங்கம்மா தலைகுனிந்து கூட்டினார்.

2006-ல் கரி கிடந்த இடத்திலேயே கழிவுநீர்த் தொட்டி தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மறுநாள் காலை அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பாம்புப் புற்று. மஞ்சள், குங்குமம், ஒரு முட்டை. புற்றுமண்ணைக் கூடையில் கொண்டுவந்து குவித்து நீர் தெளித்து மெழுகியவர் செங்கம்மா. ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. தொட்டி வடக்கே போயிற்று. அந்த வருடம் புற்றுக்குப் பால் வார்க்கும் நாகுல சவிதிப் பண்டிகையன்று சம்பத்தே குடும்பத்தோடு வந்து பால் ஊற்றி மூன்று சுற்றுச் சுற்றினார்.

"ஊத்தட்டும் சாரே, நல்லா ஊத்தட்டும்" என்று செங்கம்மா என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் எந்தக் கோயில் வாசலிலும் கண்டதில்லை.

2016 ஜனவரியில் வெள்ளத் தடுப்புத் திட்டம் வந்தது. வாய்க்காலுக்கு இரு பக்கமும் கான்கிரீட் சுவர். இருக்கிற அகலத்துக்கே கட்டுவதா, பழைய அகலத்துக்குத் திரும்புவதா என்று முடிவு செய்யப் பொறியாளர் கல்பனா நேரில் வந்தார். சம்பத் தன் கல்லைக் காட்டினார். செங்கம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் கரியைப் பற்றிச் சொல்லி, என் 1992 டைரியைக் காட்டினேன்: வாய்க்கால் பாலத்துத் தூணிலிருந்து வடக்கே அறுபத்தோரு அடி, மேற்கே ஏழடி. சொந்த டைரி சான்றாகாது, அடியில் கரி இருந்தால் ஒப்புக்கொள்கிறேன் என்றார் கல்பனா. அளவு நாடா அந்தப் புற்றின்மேல் வந்து நின்றது.

கூலியாட்கள் பின்வாங்கினார்கள். நாகம்மா குடியிருக்கும் இடம், தொட்டால் வம்சமே அழியும் என்று சம்பத் குறுக்கே நின்றார். செங்கம்மா கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

"நாகம்மாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது நான் கொட்டுன மண்ணு. பத்து வருசமா என் மண்ணுக்குத்தான் பால் ஊத்திக்கினு கீற."

யாரோ சிரித்தார்கள். இரண்டு அடி ஒன்பது அங்குலத்தில் கரி தட்டுப்பட்டது. செங்கம்மா ஒரு துண்டை எடுத்துச் சம்பத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"மண்ணு தூக்கறவளுக்கு இதான் தெரியும்."

அங்கிருந்து முப்பத்து மூன்று அடிக்கு நாடாவை இழுத்தார்கள். அது எதிர்க்கரையில் செங்கம்மாவின் சமையலறைக்குள் போய் நின்றது. அவர் வீடும் நான்கு அடி வாய்க்காலுக்குள் இருந்தது. சம்பத்துக்கு உயிர் வந்தது. முதலில் அவள் வீட்டை இடியுங்கள் என்றார்.

"அடுப்பை நேத்தே பேத்து வெளிய வெச்சிட்டேன். கெழக்குக் கரைக் கல்லோட கரியும் அடுப்பு இருந்த எடத்துக்கு அடியிலதான் கீது, தோண்டிக்கோங்க" என்றார் செங்கம்மா.

அந்த நான்கு அடியும் 2001-ல் தண்ணீரைத் தடுத்திருக்கும். கணக்குத் தெரிந்தும் நான் அதை அவரிடம் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தெரியும் சாரே. அதுக்கும் சேத்துத்தான்."

பிப்ரவரி 11, வியாழன். முதலில் அவர் சமையலறை இடிந்தது, எட்டே முக்காலுக்கு. மதிலும் லாட்ஜின் முன்பக்க அறைகளும் விழப் பிற்பகல் ஆயிற்று. செங்கம்மா எதிரே ஒரு ஸ்டூல் போட்டு அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். சம்பத் பின்வழியாகப் போய்விட்டார் என்று தெரிந்ததும், திரும்ப அழைத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சம்பத் வந்து நின்ற பிறகுதான் நாடா பிடிக்க விட்டார். பிடித்தவர் அளவை உரக்கப் படித்தார். முப்பத்து மூன்று அடி.

"அவருக்குக் கேக்கல. இன்னொரு தபா புடிங்க" என்றார் செங்கம்மா.