கட்டிப்போட்டாங்க, அவ்வளவுதான்

கிப்ரெயாப் அண்ணன் துடைப்பக்கட்டையால் மேல் அலமாரியைத் திறக்கிறார். அதே கட்டையால் சர்க்கரை டப்பாவை விளிம்புவரை நகர்த்தி, அது விழும்போது வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். தினமும் காலை ஐந்தரைக்கு இது நடக்கும். ஒருநாளும் தவறவிட்டதில்லை. கைகளைத் தோளுக்கு மேலே தூக்க அவருக்கு வராது. டப்பாவைக் கீழே வைத்துவிடுகிறேனே என்று அம்மா சொன்னால், "அப்புறம் எனக்கு எக்சர்சைஸ் வேணாமா, அக்கா?" என்பார்.

ஒருநாள் அந்தத் துடைப்பத்தை ஒளித்துவைத்தேன். சும்மா, வேடிக்கைக்கு. அவர் அலமாரியை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சர்க்கரையில்லாமலே மூன்று கோப்பைக் காப்பியும் குடித்தார்.

"டாக்டர் இன்னிக்குச் சக்கரையே கூடாதுன்னுட்டாரு."

"எந்த டாக்டர்?"

"உன் உசரம்தான் இருப்பாரு. மூஞ்சியெல்லாம் பரு."

எரித்திரியாவின் கெரென் ஊர்க்காரர். வயது முப்பத்தாறு. படை முகாமிலிருந்து தப்பி, சூடான், பிரேசில், நடுவில் ஒரு காடு, மெக்சிகோ என்று சுற்றி, அமெரிக்காவில் கொலம்பஸில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தவர். எங்களுக்கு உறவெல்லாம் இல்லை. அம்மாவும் கெரென். அது போதுமாக இருந்தது.

ஒரு மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில், வாசல் கூண்டில் உட்கார்ந்து சீட்டு வாங்குவது அவர் வேலை. சன்னல் தாழ்வானது, கையை முன்னால் நீட்டினால் போதும். வரிசையில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாருடைய குறையும் அந்தச் சன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். சாயங்காலம் நான் கேட்பேன், "இன்னிக்கு எத்தன டார்ச்சர், அண்ணே?"

"பதினாலு. லிஃப்டுல போட்ட பாட்டு டார்ச்சராம். ஒருத்தருக்குப் புது ஷூ டார்ச்சர். ஒரு அம்மாவுக்கு நாயக் குளிப்பாட்டுறது டார்ச்சராம்."

"நாய்க்கா, அவங்களுக்கா?"

"கேக்கலடா. நாய் பின்சீட்டுல இருந்துச்சு, மனசு கஷ்டப்படும்."

விழுந்து விழுந்து சிரிப்போம். அவருக்கு அந்தப் பேச்சு கசந்ததே இல்லை. "குடுத்துவச்ச ஊருடா இது" என்பார். கேலியாக அல்ல, வேறு யாருக்கோ நல்லது நடந்ததைக் கேட்டவர் போலச் சொல்வார்.

அகதி விண்ணப்பம் மூன்று வருடமாக நின்றிருந்து, போன மார்ச்சில் விசாரணைக்கு வந்தது. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பினால் அதே முகாம்தான், அல்லது அதைவிட மோசம். வக்கீல் ரூத் அம்மாவிடம் அப்படி அறுபது பேர். முப்பது கேள்வி எழுதித் தந்து, வீட்டில் பழகிப் பார்க்கச் சொன்னார். அம்மா அந்த வேலையை என் தலையில் கட்டினார்.

நான் அம்மாவின் கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, காப்பிக்கொட்டை இடிக்கிற குழவியால் மேசையைத் தட்டி, நீதிபதி ஆனேன். அண்ணன் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். எங்கள் பாஷையிலேயே நடத்தினோம். பத்தொன்பதாவது கேள்வி: முகாமில் உன்னைச் சித்திரவதை செய்தார்களா?

"இல்லீங்க ஐயா. கட்டிப்போட்டாங்க, அவ்வளவுதான்."

"எத்தன நாள்?" தாளில் இல்லாததை நானாகக் கேட்டேன்.

"மூணு நாள். ஃபில்மோனத்தான் பதினொரு நாள். பக்கத்துப் படுக்கைக்காரன். வெயில்லயே போட்டிருந்தாங்க. கை ரெண்டும் கறுத்துப்போச்சு, அப்புறம் அவனும் போயிட்டான்." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்குத்தான் அந்தப் பேரு. எனக்கு நடந்ததுக்கெல்லாம் இல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குழவியை ஓங்கித் தட்டினேன். "அடுத்த கேள்வி! எங்கம்மா சமையல் எப்படி? உண்மையைச் சொன்னால் உடனே நாடுகடத்தப்படுவீர்!" அவர் சிரித்துவிட்டார். நானும் தப்பித்தேன். மூன்று சாயங்காலம் பழகினோம். மூன்றிலும் பத்தொன்பதுக்கு அதே பதில், அதற்குப் பிறகு ஒரு ஜோக். ரூத் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விசாரணையன்று அம்மாவும் நானும் பின்வரிசையில் இருந்தோம். மொழிபெயர்ப்பாளரின் குரல் போனில் வந்தது. நீதிபதி அந்தக் கேள்வியைக் கேட்டார். "இல்லீங்க" என்றார் அண்ணன், லேசாகச் சிரித்தபடி. அந்தச் சிரிப்பு எந்த மேசையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ரூத் அம்மாவின் பேனா நின்றுவிட்டது. என்னதான் செய்தார்கள் என்று அவர் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்தார். "கட்டிப்போட்டாங்க. அங்க எல்லாரையும் கட்டுவாங்க" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. சித்திரவதை இல்லையென்று அவரே சொல்லிவிட்டார் என்றார் நீதிபதி. விண்ணப்பம் தள்ளுபடி.

வெளியே நடைபாதையில் ரூத் அம்மா கேட்டார், "ஏங்க இல்லைன்னீங்க?"

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல முடியுமாம்மா? அது ஃபில்மோனுக்கு உள்ள வார்த்தை. அவன் மண்ணுக்குள்ள கெடக்கான். நான் தெனமும் மூணு காப்பி குடிக்கிறேன்."

ரூத் அம்மா என் பக்கம் திரும்பினார். "வீட்டுலயும் இதையேதான் சொன்னாரா?"

"ஆமா."

"எத்தன தடவ?"

"மூணு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பையை மூடிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். மருத்துவர் ஒருவர் பார்த்து எழுதித் தருவார். அதோடு அண்ணனின் வாக்குமூலமும் வேண்டும். "அந்த வார்த்தை வேண்டவே வேண்டாம். எப்படி, எதால, எவ்வளவு நேரம், அது மட்டும் போதும்" என்றார் ரூத் அம்மா. அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் சமையலறையில் உட்கார்ந்தோம். நான் முக்காலியில், தாளோடு. இந்தத் தடவை கோட்டு இல்லை.

"கட்டிப்போட்டாங்க" என்றார். எழுதினேன்.

"எப்படிண்ணே?"

"பின்னால."

"மணிக்கட்டையா?"

"முழங்கைய. ரெண்டையும் சேத்து."

பேனா அப்படியே நின்றது. "முழங்கை எப்படிண்ணே பின்னால சேரும்?" வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குப் புரியவில்லை.

 அவர் எழுந்து, "திரும்பி உக்காரு" என்றார். பின்னாலிருந்து என் இரண்டு முழங்கைகளையும் பிடித்து, மெல்ல, மிக மெல்ல, ஒன்றை நோக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். என் நெஞ்சு முன்னால் தள்ளிக்கொண்டது. மூச்சு பாதியில் நின்றது.

"இன்னும் நாலு விரக்கடை இருக்கு" என்றார்.

உடனே விட்டுவிட்டார். முன்னால் வந்து குனிந்து, என் கைகள் இரண்டையும் தோளிலிருந்து மணிக்கட்டுவரை உள்ளங்கையால் பரபரவென்று தேய்த்தார், பனியில் நனைந்து வந்த பிள்ளைக்குச் சூடேற்றுவதுபோல. "வலிக்கலண்ணே" என்றேன். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.