சீமைத் தவனம் போட்ட கல்யாண மாலை

எங் கல்யாணம் மணைல வந்து நின்னுப்போகப் பாத்துச்சி. வரதட்சணை, சண்டை எதுவும் இல்ல. ஒரு செடி. அதுவும் கப்பலேறி வந்த செடி. சொன்னா வூட்ல புள்ளைங்க யாரும் நம்பறதில்ல.

அப்போ நான் புத்தூர் டேஷன் கூட்ஸ் ஷெட்ல மூட்டை தூக்கிக்கினு இருந்தேன். ஆந்திரா தனியா பிரிஞ்சிப்போயி, எந்த ஊரு யாருக்குன்னு ரெண்டு பக்கமும் இழுத்துக்கினு இருந்த காலம். காலைல ஒரு கும்பலு வந்து தமிழ்ல கோஷம் போடும். சாயங்காலம் வேற கும்பலு தெலுங்குல போடும். கத்திக் கத்தி தொண்டை வறண்டா ரெண்டு கும்பலுக்கும் எங்க கெணத்துத் தண்ணிதான். அது கெடக்கட்டும்.

மெட்ராஸ் ஹார்பருக்கு சீமைக் கோதுமை கப்பல் கப்பலா வரும். அங்கேர்ந்து ரயிலு, அப்பால எங்க முதுகு, அப்பால ரேஷன் கடை. கோதுமையை இன்னா பண்றதுன்னே எங்களுக்குத் தெரியாது. எங்கம்மா கூழு காச்சினாங்க. நைனா ஒரு வாய் துன்னுட்டு, "இத்த வெச்சி சினிமா நோட்டீஸ் ஒட்டலாம்டீ"ன்னாரு.

மூட்டையெல்லாம் எறக்கினப்புறம் வேகன்ல கொட்டிக் கெடக்கற கோதுமை, உமி, தூசி எல்லாத்தையும் நாங்க கூட்டி எடுத்துக்குவோம். அது எங்க பங்கு. நான் வூட்டுக்கு எடுத்தாந்து கோழிக்குப் போடுவேன். கோழி பொறுக்கினது போக மிச்சம் எருக்குழிக்குப் போவும். ஒரு மழை பேஞ்சிது பாரு, எருக்குழி ஓரமா ஒரு செடி மொளைச்சிது. இலை அப்டியே தவனம் மாதிரி. எங்க பக்கம் திருப்பதிக்குப் பூ போற ஊருங்க. நடுவுல தவனம் வெக்காத மாலையை எங்க ஆளுங்க மாலைன்னே ஒத்துக்க மாட்டாங்க. கிள்ளி மோந்து பாத்தேன், வாசனையே இல்ல. "வாசனையெல்லாம் சீமைக்காரன் எடுத்துக்கினு தழைய மட்டும் அனுப்பிட்டான்"னு நெனச்சி, அதுக்கு சீமைத் தவனம்னு பேரு வெச்சேன்.

எங்க மாடு கூரை ஓலையக்கூட உருவித் துன்னும். அது இந்தச் செடியாண்ட போயி மோந்துட்டு மூஞ்சைத் திருப்பிக்கினு வந்துடுச்சி. நான் புரிஞ்சிக்கல. பாத்தி கட்டி, தெனம் தண்ணி ஊத்தி, கிள்ளிக் கிள்ளி வளத்தேன். கையி லேசா அரிச்சிது. கோணி தூக்கறவனுக்கு அரிப்பு இன்னா புதுசா?

அந்த நேரத்துலதான் எனக்குப் பொண்ணு அமைஞ்சிது, திருத்தணி பக்கம். நைனாவுக்கு அவசரம். "எல்லைக் கல்லு நட்டுட்டானுங்கன்னா பொண்ணு கொணாரதுக்கு பர்மிட்டு கேப்பானுங்க, சீக்கிரம் முடிங்கடா"ன்னு குதிச்சாரு. மாலை கட்டறது எங் கூட்டாளி வேலை. என்னோட மூட்டை தூக்கறவன், பூக்கட்டற வூட்டுப் புள்ள. ரெண்டு பேரும் சேந்து பாத்தியவே மொட்டை அடிச்சோம். சாமந்திக்கு நடுவுல சீமைத் தவனம் வெச்சி, தொடை தண்டிக்கு ஒரு மாலை கட்டினான். மொத நாள் சாயங்காலம் அத்தப் போட்டுக்கினு ஊர்வலம் போனேன். எங்க ஊர்ல எவனுக்கும் இல்லாத மாலைன்னு நெஞ்ச நிமித்திக்கினு போனேன்.

விடிஞ்சி எழுந்தா கண்ணு கோடாத்தான் தொறக்குது. மூஞ்சி, கழுத்து எல்லாம் வீங்கி தீயா எரியுது. பொண்ணோட தாய்மாமன் வந்து குனிஞ்சி பாத்தாரு.

"இன்னாய்யா இது, மாப்ளையா பலாக்காயா?"

அவ்ளோதான். எங்க வூட்டுப் பந்தல்ல ஒரே சத்தம். "வியாதிக்காரன மறைச்சி எங்க தலைல கட்டப் பாத்தீங்களா? வண்டியப் பூட்டுங்கடா!"

எங் கூட்டாளி ஓடியாந்தான். "மாமா, மாமா, அது மாலையால வந்தது. அந்தச் சீமைத் தவனம்..."

"அப்டியா? குட்றா இங்க." எம் மாலைய வாங்கித் தங் கழுத்துல போட்டுக்கினு நடுப்பந்தல்ல நாற்காலி போட்டு ஒக்காந்துட்டாரு. மீசைய முறுக்கிக்கினு அரை மணி நேரம். ஒண்ணும் ஆவல. "இப்ப இன்னா சொல்ற?"

கூட்டாளி துண்டுக்குள்ள மறைச்சி வெச்சிருந்த கையை நீட்டினான். அதுவும் செவசெவன்னு கொப்பளம். மாமன் எகிறிக் குதிச்சாரு. "பாத்தீங்களா! ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி!"

வண்டிமாடு மணிச் சத்தம் காதுல வுழுது. அப்போ பொண்ணு வூட்டாரு எறங்கியிருந்த ரூம்லேர்ந்து ஒரு கொரலு, பொண்ணேதான்.

"மாமா, மாங்கா பாலு பட்டா எங்கம்மாவுக்கு மூஞ்சி வீங்குதே, உனக்கு வீங்குதா?"

"எனக்கு இன்னாத்துக்கு வீங்குது?"

"அப்போ எங்கம்மா வியாதிக்காரியா?"

பொண்ணோட அம்மா, மாமனுக்குக் கூடப்பொறந்த அக்கா, இடுப்புல கைய வெச்சிக்கினு முன்னாடி வந்து நின்னாங்க. "சொல்லுடா தம்பி. நான் வியாதிக்காரியா?"

மாமன் முறுக்கின மீசையத் தடவி எறக்கி வுட்டாரு. கடைசில, "வண்டிய அவுருங்கடா"ன்னாரு.

தழையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு வெறும் சாமந்தி மாலைய மாத்திக்கினோம். மங்கலாத் தெரிஞ்சதுல, தாலி கட்ட நீட்டின கையி மொதல்ல ஐயரு கழுத்தாண்ட போச்சி. எங்கக்கா கையப் புடிச்சித் திருப்பி வுட்டுச்சி.

அன்னிக்கே மாமன் போயி அந்தப் பாத்திய வேரோட புடுங்கிட்டாரு, அவருக்குத்தான் ஒண்ணும் ஆவலியே. ஆனா அவரு வேட்டி மடிப்புல வெதை ஒட்டிக்கினு போயிருக்கு. அடுத்த மழைக்குத் திருத்தணில அவரு வாசல்லயே செடி. சர்வே ஆளுங்க கல்லு நட்டு அது மெட்ராஸ், இது ஆந்திரான்னு பிரிக்கறதுக்குள்ள ரெண்டு பக்கமும் அது குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடுச்சி. கோதுமையோட கலந்து கப்பல்ல வந்த வெதைன்னு படிச்சவங்க பின்னாடி சொன்னாங்க. தெலுங்குக்காரங்க அதுக்கு வய்யாரிபாமான்னு பேரு வெச்சாங்க. குலுக்கி நடக்கற பொம்பளையாம். மாலையா போட்டுப் பாத்திருந்தா அந்தப் பேரு வெச்சிருக்க மாட்டாங்க.

கல்யாணத்துக்கு நாலாம் நாளு எனக்கு வீக்கம் எறங்கிச்சி. எம் பொண்டாட்டி என்னக் கையப் புடிச்சி வாசலுக்கு இட்டாந்தா.

"வெளிச்சத்துல நில்லுங்கோ."

நின்னேன். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தாடையத் திருப்பிப் பாத்தா.

"செரி. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ஜன்னல் சந்துல நான் பாத்த ஆளுதான்"னு சொல்லிட்டு, சிரிச்சிக்கினே அடுப்பாண்ட போயிட்டா.